பாடம், பக்தி, வழக்கம்: பெண் கட்டிய பாட்டு எந்தக் கணக்கில் ஏறியது?

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையைப் படுவான்கரை என்றும் கிழக்குக் கரையை எழுவான்கரை என்றும் சொல்வது அந்த நிலத்து வழக்கு. படுவான்கரையில், குருமண்வெளித் துறைக்கு எதிரே இருக்கும் மண்டூர், முருகன் கோயிலால் பெயர்பெற்ற ஊர். பண்டிதர் வி. சீ. கந்தையா பிறந்த ஊரும் அதுவே. அவர் 1964இல் வெளியிட்ட ‘மட்டக்களப்புத் தமிழகம்’, 1968இல் பதிப்பித்த ‘கண்ணகி வழக்குரை’ ஆகிய இரண்டும் இல்லாவிட்டால், அந்தப் பிரதேசத்தின் வாய்மொழிச் செல்வத்தில் பெரும்பங்கு இன்று வெறும் கேள்விச் செய்தியாகவே எஞ்சியிருக்கும். அவர் காட்டிய வழியில் தாலாட்டு, ஒப்பாரி, ஊஞ்சற்பாட்டு, கவி என்று வகைபிரித்துப் பலர் தொகுத்தார்கள், அச்சேற்றினார்கள். இவற்றில் பெண்கள் கட்டிப் பாடியவை ஏராளம். ஆனால், அச்சான பாட்டின் கீழே ஒரு பெண்ணின் பெயரைக் காண்பது மிக அரிது. ‘நாட்டார் பாடல்’ என்ற தலைப்பே பெயருக்குரிய இடத்தை நிரப்பிவிடுகிறது. பாட்டு யாருடையது என்று கேட்டால் ‘மக்களுடையது’ என்ற விடை வருகிறது. அந்த விடையில் உண்மை உண்டு. ஆயினும் கேள்வி அதோடு முடிந்துவிடவில்லை.

இசை வரலாற்றில் பெண் இசையமைப்பாளர்கள் ஏன் இவ்வளவு குறைவு என்ற வினாவுக்கு வழக்கமாக இரண்டு விடைகள் தரப்படுகின்றன. பெண்களுக்கு வாய்ப்பில்லை, ஆகவே அவர்கள் இசை இயற்றவில்லை என்பது ஒன்று. இயற்றியது போதிய தரத்தில் இல்லை, ஆகவே நிலைக்கவில்லை என்பது மற்றொன்று. இரண்டும் அரைகுறையானவை என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். பெண்கள் இயற்றினார்கள், அவர்கள் இயற்றியதில் பெரும்பகுதி புழக்கத்திலும் இருந்தது. ஆனால் அது இசையாக்கம் என்ற கணக்கில் ஏறாமல் வேறு கணக்குகளில் ஏறியது. பள்ளிக்கூடத்தில் அது பாடம் ஆயிற்று. கோயிலில் பக்தி ஆயிற்று. வீட்டில் வழக்கம் ஆயிற்று. இதை நிறுவ, சான்றுகள் மிகத் தெளிவாகக் கிடைக்கும் ஓர் இடத்திலிருந்து தொடங்குவதுதான் முறை. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பாரிஸ் நகரத்தில் நியமனம், சம்பளம், கையெழுத்துப் பிரதி, அச்சுப் பிரதி, பரிசு என்று எல்லாவற்றுக்கும் எழுத்துச் சான்று உண்டு. ஒரு பெண்ணின் பெயர் எந்தப் படியில் நின்றது, எந்தப் படியில் வழுக்கியது என்பதை அங்கே ஆண்டுவாரியாகப் பார்க்க முடிகிறது. அங்கே கண்டதைக் கையில் வைத்துக்கொண்டு தமிழ் உலகத்துக்கும், பிறகு வாவிக் கரைக்கும் வரலாம்.

லூயீஸ் ஃபராங்க் 1804 மே 31ஆம் நாள் பாரிஸில் பிறந்தார். பிறந்த வீட்டுப் பெயர் ஜான் லூயீஸ் துய்மோன். தந்தையும் சகோதரரும் சிற்பிகள். பாரிஸின் பாஸ்தீல் சதுக்கத் தூணின் உச்சியில் நிற்கும் பொன்னிறச் சிலை சகோதரர் ஓகுஸ்த் துய்மோன் செய்தது. கலையே தொழிலாக வாழ்ந்த குடும்பம் என்பதால் பெண்பிள்ளை பியானோ பயில்வதற்கு அங்கே தடை இருக்கவில்லை. பதினைந்தாவது வயதில் அவர் அன்ரன் ரைக்கா என்ற பேராசானிடம் இசையாக்கம் படிக்கத் தொடங்கினார். ரைக்கா பாரிஸ் கன்சர்வத்துவார் இசைக் கல்லூரியில் கற்பித்தவர். ஆனால் அக்கல்லூரியின் இசையாக்க வகுப்பில் அன்று பெண்கள் சேர முடியாது. அதே ஆசிரியர், அதே பாடம், ஆனால் கல்லூரிக்கு வெளியே தனிப் பயிற்சி. 1821இல் புல்லாங்குழல் கலைஞர் அரிஸ்தீத் ஃபராங்க்கை மணந்தார். கணவர் இசை நூல்களை அச்சிட்டு வெளியிடும் பதிப்பகம் ஒன்றை நடத்தினார். மனைவியின் பியானோ ஆக்கங்கள் அந்தப் பதிப்பகத்தின் வழியே வெளியுலகத்துக்குப் போயின. ஜெர்மனியில் ரொபர்ட் ஷூமன் 1836இல் அவற்றில் ஒன்றுக்குப் பாராட்டி மதிப்புரை எழுதினார். எழுத்தை அச்சாக்கும் கதவு கணவரின் கையில் இருந்தது என்பது கவனிக்க வேண்டிய செய்தி. தம்பி ஃபெலிக்ஸ் மென்டெல்சோனின் பெயரில் தம் பாடல்கள் ஆறு வெளிவரப் பார்த்திருந்த ஃபனி ஹென்செலுக்கு அப்படியொரு கதவு நெடுங்காலம் திறக்கவில்லை.

1842இல் ஃபராங்க் கன்சர்வத்துவாரில் பியானோப் பேராசிரியராக நியமனம் பெற்றார். 1873 வரை, முப்பது ஆண்டுகளுக்கு மேல் அந்தப் பதவியில் இருந்தார். அந்த நூற்றாண்டில் அங்கே அத்தகைய நிரந்தரப் பேராசிரியர் பதவியில் நெடுங்காலம் இருந்த பெண் அவர் ஒருவரே. அவருக்குத் தரப்பட்டது பெண்கள் வகுப்பு. தந்த சம்பளமோ, அதே வேலை செய்த ஆண் பேராசிரியர்களின் சம்பளத்தைவிடக் குறைவு. எட்டு ஆண்டுகள் அப்படியே கழிந்தன. 1850 மார்ச்சில் அவருடைய ஒன்பது கருவி இசை அரங்கேறியது. வயலின், வியோலா, செலோ, டபுள் பேஸ் என்ற நான்கு நரம்புக் கருவிகளையும் புல்லாங்குழல், ஓபோ, கிளாரினெற், ஹோர்ன், பசூன் என்ற ஐந்து ஊதுகருவிகளையும் ஒன்றையொன்று மூடாமல் உரையாடவைக்கும் ஆக்கம் அது. அன்று வயலின் வாசித்தவர் பதினெட்டு வயது யோசெஃப் யோவாகிம். பின்னாளில் ஐரோப்பாவின் தலைசிறந்த வயலின் கலைஞர்களில் ஒருவரானவர். அரங்கேற்றம் பெருவெற்றி பெற்றது. அந்த வெற்றியின் பின்னரே ஃபராங்க் கல்லூரித் தலைவர் ஓபேருக்குக் கடிதம் எழுதிச் சமசம்பளம் கேட்டார், பெற்றார். கற்பிப்பதற்குரிய கூலியைக்கூட, தாம் இசை இயற்றக்கூடியவர் என்று ஊரறியக் காட்டிய பிறகுதான் அவரால் கேட்டுப் பெற முடிந்தது.

இனி அவருடைய ஆக்கங்கள் எங்கே போய்ச் சேர்ந்தன என்று பார்ப்போம். அவருடைய 26ஆம் எண் தொகுதி, எல்லாப் பெருஞ்சுருதிகளிலும் சிறுசுருதிகளிலும் அமைந்த முப்பது பியானோப் பயிற்சிகள் கொண்டது. 1845இல் கன்சர்வத்துவார் அதைப் பாடநூலாக ஏற்றுக்கொண்டது. தலைமுறை தலைமுறையாக மாணவர்கள் அதை வாசித்தார்கள். அவருடைய மூன்று சிம்பொனிகளும் 1840களில் எழுதப்பட்டவை. மூன்றாவதை 1849இல் பாரிஸின் முதன்மையான இசைக்குழுவே அரங்கில் வாசித்தது. ஆனால் அவர் உயிரோடிருந்த காலத்தில் அவற்றுள் ஒன்றும் அச்சேறவில்லை. அவ்வளவு புகழ்பெற்ற ஒன்பது கருவி இசையும் கையெழுத்துப் பிரதியாகவே கிடந்தது. பிரெஞ்சுக் கலைக் கழகம் 1861இலும் 1869இலும் சிற்றரங்க இசைக்காக அவருக்குப் பரிசு அளித்தது. மகள் விக்டோரீன், தாயிடமே பயின்ற பியானோக் கலைஞர், 1859இல் இறந்தார். அதன் பிறகு ஃபராங்க் புதிதாக இயற்றியது மிகச் சொற்பம். கணவரோடு சேர்ந்து தொடங்கிய பழைய பியானோ இசைப் பெருந்தொகுப்பை, 1865இல் கணவர் மறைந்த பின்னரும் தனித்துத் தொடர்ந்து, இருபதுக்கு மேற்பட்ட தொகுதிகளாக முடித்தார். 1875இல் மறைந்தார். மறைந்ததும் நல்லாசிரியராகவும் பழைய இசையைக் காத்த பதிப்பாசிரியராகவும் நினைவுகூரப்பட்டார். சிம்பொனி எழுதியவர் என்ற நினைவு மட்டும் மங்கியது. ஏறத்தாழ நூறு ஆண்டுகள் கழித்து, 1970களில் பியா ஃபிரீட்லண்ட் என்ற ஆய்வாளர் மீண்டும் எடுத்துப் பேசிய பிறகுதான் அந்தக் கையெழுத்துப் பிரதிகள் பதிப்புக்கும் மேடைக்கும் திரும்பும் வழி திறந்தது.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. அன்றைய பாரிஸ் இசைநாடகத்தில் மயங்கிக் கிடந்த நகரம். பாடகரும் காட்சியும் இல்லாத சிம்பொனிக்கு அங்கே ஆண்களுக்கும் வரவேற்பில்லை. ஃபராங்க் மறக்கப்பட்டதற்கு அவர் தேர்ந்த வடிவமே காரணம், பெண் என்பது காரணமன்று என்பார்கள். நகரத்தின் ரசனை பற்றிய பகுதி சரியே. ஆனால் அதே நகரத்தில், அதே காலத்தில், அதே வகை இசையை எழுதிய ஜோர்ஜ் ஓன்ஸ்லோவின் கதையை அருகே வைத்துப் பார்க்க வேண்டும். அவரும் ரைக்காவின் மாணவர்தான். அவரும் சிம்பொனியும் சிற்றரங்க இசையும் எழுதினார். அவருடைய சிம்பொனிகள் அச்சேறின. ஃபராங்க் பேராசிரியரான அதே 1842இல் ஓன்ஸ்லோ கலைக் கழகத்தின் உறுப்பினராகவே தேர்ந்தெடுக்கப்பட்டார். ஓன்ஸ்லோவும் பின்னர் மறக்கப்பட்டார் என்பது உண்மை. ஆனால் அவர் இசையமைப்பாளர் என்ற கணக்கில் ஏறி, அந்தக் கணக்கிலிருந்து மறக்கப்பட்டவர். ஃபராங்க் அந்தக் கணக்கில் நிலையாக ஏறவே இல்லை. வடிவம் இருவருக்கும் தடையாக இருந்தது. பெண்ணுக்கு அதன்மேல் இன்னொரு தடையும் இருந்தது. இசையாக்கத்துக்கான ரோமாபுரிப் பரிசுப் போட்டியில் பெண்கள் கலந்துகொள்ளப் பிரான்சு 1903இல்தான் அனுமதித்தது என்பதையும் இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

அடுத்த மறுப்பு இன்னும் நுட்பமானது. பயிற்சிப் பாடம் பாடமே, அது கலைப்படைப்பு ஆகாது. ஆகவே பாடமாக நிலைத்தவரை ஆசிரியர் என்று நினைப்பதில் என்ன பிழை என்று கேட்கலாம். இதற்கு விடை ஐரோப்பாவிலும் உண்டு, நம்மிடமும் உண்டு. பாக் தம் பிள்ளைகளுக்கும் மாணவர்களுக்கும் கைப்பழக்கத்துக்காக எழுதியவை இன்று கலையின் உச்சங்களாக வாசிக்கப்படுகின்றன. ஷோபேனின் பயிற்சிகளைப் பாடம் என்று யாரும் ஒதுக்குவதில்லை. நம் இசையில் புரந்தரதாசர் ஆயிரக்கணக்கில் கீர்த்தனங்கள் பாடியவர் என்பது மரபு. ஆனால் சரளி வரிசையும் அலங்காரமும் பிள்ளையார் கீதமுமாகப் பாடத்தை வகுத்துத் தந்தவர் என்பதற்காகவே அவரைக் கர்நாடக சங்கீதப் பிதாமகர் என்று போற்றுகிறோம். சியாமா சாஸ்திரியின் சுவரஜதிகளும் தொடக்கத்தில் பயிற்சிக்குரிய உருப்படி வகையைச் சேர்ந்தவையே. அவர் கையில் அவை கச்சேரிக்குரிய பேருருவங்களாயின. பாடம் வகுப்பது இசையாக்கத்தின் கீழ்ப்படி என்று மரபு சொல்லவில்லை. ஆணுக்கு அது பெருமையாகவே எண்ணப்பட்டது. பெண் வகுத்தபோது மட்டும் அது ‘வெறும் பாடம்’ ஆயிற்று. இலங்கை நகரங்களில் லண்டன் இசைக் கல்லூரிகளின் தரப் பரீட்சைகளுக்குப் பிள்ளைகளைத் தயார்செய்த பியானோ ஆசிரியைகளின் உழைப்பும் இப்படித்தான் சான்றிதழில் மாணவர் பெயராக மாறிப்போயிற்று. மட்டக்களப்பில் 1820இலேயே மெதடிஸ்தர் தொடக்கிய பெண்கள் பாடசாலை, இன்றைய வின்சன்ற் மகளிர் பாடசாலை, இருந்த நிலம் அது. பெண்கல்வி அங்கே முந்தி வந்தது. பெண்ணின் இசையாக்கம் என்ற எண்ணம் கூடவே வந்துவிடவில்லை.

தமிழ் உலகத்தில் இரண்டாவது கணக்கு, பக்தி. சென்னையில் 1899இல் பிறந்த மரகதம் என்ற பெண், முருகன்மேல் நூற்றுக்கணக்கில் பாடல்கள் இயற்றினார். குடும்பத் தலைவியாக வாழ்ந்து, பின்னர் துறவு பூண்டு, ஆண்டவன் பிச்சை என்ற பெயரில் 1990 வரை வாழ்ந்தவர். ‘உள்ளம் உருகுதய்யா’ என்ற பாடலைத் தமிழர் வாழும் இடமெல்லாம் அறிவார்கள். மண்டூர் போன்ற முருகன் தலங்களின் ஒலிபெருக்கியில் அது புதிதன்று. ஆனால் அதை டி. எம். சௌந்தரராஜன் பாட்டு என்றுதான் பெரும்பாலோர் சொல்வார்கள். இயற்றியவர் யார் என்று தெரியாமலே அவர் அதைப் பாடிவந்ததாகவும், சென்னைக் காளிகாம்பாள் கோயிலில் கல்லில் பொறித்திருந்த பாட்டையும் பெயரையும் கண்டபின்னரே அறிந்துகொண்டதாகவும் சொல்வார்கள். மதுரையில் வாழ்ந்த அம்புஜம் கிருஷ்ணா (1917–1989) பல மொழிகளில் நூற்றுக்கணக்கான பாடல்களை எழுதினார். புகழ்பெற்ற வித்துவான்கள் அவற்றுக்கு மெட்டமைத்தார்கள். ‘கீதமாலா’ என்ற தொகுதிகளாக அவை அச்சிலும் வந்தன. இந்த இருவரில் ஒருவருடைய பெயர் ஓரளவு நின்றது, மற்றவருடைய பெயர் பாட்டைவிட்டுப் பிரிந்தது. இருவர் பாட்டும் செவிகளைச் சென்றடைந்தன. ஆகவே இந்த வேறுபாட்டைப் பாட்டின் தரத்தால் விளக்க முடியாது. சுரதாளக் குறிப்போடு பெயர் தாங்கி அச்சான தொகுதி கையில் இருந்ததா, கச்சேரிப் பாடகர் மேடையில் பெயரைச் சொன்னாரா என்பவையே பெயரை நிறுத்தும் காரணங்கள்.

பக்திக்குப் பெயர் எதற்கு, ‘நான்’ கரைவதுதானே அதன் இலக்கு என்று இங்கே மறுப்பு எழும். அது உயர்ந்த எண்ணம். ஆனால் தமிழ்ப் பக்தி மரபு அப்படி நடந்துகொள்ளவில்லை. சம்பந்தர் பதிகத்தின் கடைசிப் பாட்டில் தம் பெயரையும் ஊரையும் வைத்தார். அதற்குத் திருக்கடைக்காப்பு என்று பெயரும் உண்டு. கர்நாடக இசையில் முத்திரை என்பது இயற்றியவர் பாட்டுக்குள்ளே இடும் கையொப்பம். பெண்களும் இதில் பின்நிற்கவில்லை. சம்பந்தருக்கும் முன்னவரான காரைக்காலம்மையார் தம் பதிகத்தில் காரைக்காற்பேய் என்று தம்மைக் குறித்தார். அந்தப் பதிகங்கள் நட்டபாடை, இந்தளம் என்ற பண்களில் அமைந்தவை என்பதால், தமிழில் பண்ணோடு நமக்குக் கிடைத்துள்ள பதிகங்களின் தலைவாசலில் நிற்பவர் ஒரு பெண். ஆண்டாள் பட்டர்பிரான் கோதை என்று தம்மை அறிவித்தார். இறைவன் முன்னே கரைந்துபோன அதே பெண்கள் பாட்டின் முன்னே தம் பெயரை விட்டுக்கொடுக்கவில்லை. ஆகவே, பக்தியின் பெயரால் ஒரு பெண்ணின் பெயரை மறப்பது பிற்காலத்துச் சோம்பலே. அதற்குப் பக்தி பொறுப்பாகாது.

இப்போது மூன்றாவது கணக்குக்கு, வழக்கத்துக்கு வருவோம். மட்டக்களப்புத் தமிழரிடையே குடி என்ற குலப்பிரிவு தாய்வழியாக வருகிறது. தாய்வழியைக் குறிக்கும் வயிற்றுவார் என்ற சொல்லே அந்த உறவுமுறையின் அச்சாணி. கல்யாணம் முடித்த ஆண் மனைவியின் வீட்டுக்கு வருகிறான். வீடும் வளவும் பெண்பிள்ளைக்குச் சீதனமாகச் சேர்கின்றன. தாயும் பெண்மக்களும் பெரும்பாலும் ஒரே வளவிலோ அடுத்தடுத்த வளவிலோ வாழ்கிறார்கள். அமெரிக்க மானிடவியலர் டெனிஸ் மக்கில்வ்ரே இந்தக் குடிமுறையை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து 2008இல் விரிவான நூலாக வெளியிட்டார். இந்த ஏற்பாட்டின் இசைப்பயனை எண்ணிப் பார்க்க வேண்டும். பெண் புகுந்த வீட்டுக்குப் போகும் ஊர்களில், அம்மாவின் பாட்டு மகளோடு ஊர்மாறிப் போய் மாமியாரின் பாட்டோடு கலக்கிறது, அல்லது கரைகிறது. இங்கே அம்மம்மா, அம்மா, மகள் மூவரும் ஒரே முற்றத்தில் இருக்கிறார்கள். ஒரு தாலாட்டோ ஒப்பாரியோ மூன்று தலைமுறை ஒரே இடத்தில் கேட்டு, பிழை திருத்தி, கூட்டிக் குறைத்துப் பாடப்படுவதற்கு இதைவிட வாய்ப்பான ஏற்பாடு அரிது. கல்லூரியும் வகுப்பறையும் இல்லாமலே அங்கே ஒரு பெண் ஆசிரியர் மரபு இருந்திருக்கிறது என்று கொள்வதே பொருத்தம். வளவும் வீடும் பெண்ணின் பெயரில் எழுதப்பட்ட சமூகம் அது. அந்த வீட்டுக்குள் பிறந்த பாட்டு மட்டும் அவள் பெயரில் எழுதப்படவில்லை.

அந்தப் பாட்டு இசையாக்கம்தானா என்று ஐயுறுவோர் ஒப்பாரியின் கட்டுமானத்தைக் கிட்ட இருந்து கவனிக்க வேண்டும். செத்த வீட்டில் பாடுபவளுக்கு எழுதிவைத்த பாட்டு இல்லை. இறந்தவரின் உறவுமுறைச் சொல் ஒன்று அவளுக்கு நிலையான பிடி. அம்மா, ராசா, மகனே என்று அடிதோறும் இறுதியில் அந்த விளியை நீட்டுகிறாள். நீட்டும்போது குரல் மேலேறி, ஒரு சுரத்தில் நின்று நடுங்கி, படிப்படியாக இறங்குகிறது. கேட்பவர்களுக்கு அது அழுகை. பாடுபவளுக்கு அதுவே அடுத்த அடியை அமைத்துக்கொள்ளும் அவகாசமும் ஆகும். அடுத்த அடி முந்தைய அடிக்கு இணையாக, எதுகையோ மோனையோ பொருந்தி, ஒரே தாள எடையில் விழ வேண்டும். இறந்தவரின் தொழிலும் குணமும் வீட்டு நிலையும் அதற்குள் வர வேண்டும். சுற்றியிருக்கும் பெண்கள் குரல் சேர்க்க இடமும் விட வேண்டும். மெட்டு முன்பே உள்ளது என்பார்கள். ராகமும் முன்பே உள்ளதுதான்; விருத்தமோ ஆலாபனையோ பாடும் வித்துவானை அதற்காகப் படைப்பாளி அல்லர் என்று எவரும் சொல்வதில்லை. தெரிந்த சட்டகத்துக்குள், குறித்த நேரத்தில், திரும்ப வராத ஒரு நிகழ்வுக்காகப் புதிதாக ஒன்றைக் கட்டுவது இசையாக்கத்தின் கடினமான வகைகளில் ஒன்று. தாலாட்டிலும் இதே வேலை மெல்லிய சாயலில் நடக்கிறது: அடிகள் பழையவை, ஆனால் பிள்ளையின் மாமன்மார், ஊர்த் தெய்வம், வீட்டுச் சேதி என்று புகுத்தப்படுபவை அந்த வீட்டுக்கே உரியவை.

வாய்மொழி மரபு முழுவதும் பெயரற்றது, கூட்டாகப் பிறந்தது. அதில் பெயர் தேடுவது மேற்கத்திய உடைமை எண்ணத்தை இங்கே திணிப்பது என்பது இந்த வாதத்துக்கு எதிரான மிகப் பெரிய மறுப்பு. இதற்கு மட்டக்களப்பே விடை சொல்கிறது. அங்கே வடமோடி, தென்மோடிக் கூத்துகளைப் பழக்கி அரங்கேற்றுபவர் அண்ணாவியார். அவர் மத்தளம் வாசிக்கிறார், ஆட்டத்தையும் பாட்டையும் பழக்குகிறார், வேண்டிய இடத்தில் கூட்டியும் குறைத்தும் அமைக்கிறார். அரங்கேற்ற நாளில் அவருக்கு மரியாதை உண்டு. இன்ன கூத்து இன்ன அண்ணாவியார் பழக்கியது என்று ஊர் தலைமுறைகளாகச் சொல்கிறது. இன்னொரு சான்று கோயில். எந்தக் குடிக்கு எந்த முறை, எந்த வரிசை, எந்த முன்னீடு என்பதைப் பாட்டாகவே சொல்லும் ‘கல்வெட்டு’ என்ற இலக்கிய வகை அந்தப் பிரதேசத்துக்கு உரியது, எஃப். எக்ஸ். சி. நடராசா 1962இல் பதிப்பித்த ‘மட்டக்களப்பு மான்மியம்’ அத்தகைய செய்திகளால் நிறைந்தது. மண்டூர்க் கோயிலில் கப்புகனார் என்ற பூசகர் வாய்கட்டிப் பூசை செய்வதும், கோயிலை நிருவகிக்கும் வண்ணக்கர்மாரின் பொறுப்பும், ஆலாத்தி எடுக்கும் பெண்களின் பங்கும் வரையறுத்த முறைகள். அந்தக் கோயிலைப் பற்றி மார்க் விற்றக்கர் 1999இல் எழுதிய ஆய்வு நூல், வரலாற்று உரிமை பற்றிய பேச்சு அங்கே எவ்வளவு உயிரோட்டமானது என்பதைக் காட்டுகிறது. யாருக்கு எது உரியது என்பதை இவ்வளவு நுட்பமாக நினைவில் வைக்கும் ஒரு சமூகத்தைப் பெயர் பற்றிய எண்ணமே இல்லாத சமூகம் என்று சொல்ல முடியாது. எழுத்தில்லாமலே அண்ணாவியார் பெயர் நின்றதென்றால், ஒப்பாரி கட்டியவளின் பெயர் நிற்காததற்கு வாய்மொழி என்பது காரணமாகாது. கூத்து களரி என்ற பொது அரங்கில் நடந்தது, ஒப்பாரி வீட்டில் நடந்தது என்பதே வேறுபாடு. களரியில் நடந்தது கலை. வீட்டில் நடந்தது வழக்கம்.

இன்னும் இரண்டு ஐயங்களுக்கு விடை கூற வேண்டும். பெண்குரலில் அமைந்த பாட்டெல்லாம் பெண் கட்டியது என்று எப்படிச் சொல்வது என்பது ஒன்று. நியாயமான கேள்வி. காதற்கவிகளில் பெண் கூற்றாக ஆண் கட்டியவையும் இருக்கும். கூத்தில் பெண் வேடத்தையே ஆண்தான் கட்டினான். அதனால்தான் பாட்டின் ‘குரலை’ வைத்து முடிவுகட்டாமல், பாடியவர் யார், அவருக்குப் பழக்கியவர் யார் என்ற தகவலைக் கேட்டுப் பதிய வேண்டும் என்கிறோம். பெயரில்லாத தொகுப்பு இந்த ஐயத்தைத் தீர்ப்பதில்லை, நிரந்தரமாக்குகிறது. மற்றது, துயரத்தில் பாடியதைத் தன் பெயரோடு வெளியிட ஒரு பெண் விரும்புவாளா என்பது. விரும்பாமல் இருக்கலாம், அது அவளுடைய உரிமை. ஆனால் பெயரை மறைத்துக்கொள்வது அவள் எடுத்த முடிவாக இருக்க வேண்டும். இதுவரை நடந்தது அதுவன்று: கேட்காமலே பெயர் விடப்பட்டது. பாட்டு மாறிக்கொண்டே வருவதால் முதல்வரைக் கண்டுபிடிக்க முடியாது என்பதும் தடையாகாது. தேட வேண்டியது முதல்வரை மட்டுமன்று. ஒரே தாலாட்டின் இரண்டு வடிவங்களை இரண்டு பெண்கள் பாடினால், இருவர் செய்த மாற்றங்களும் இரண்டு படைப்பு முடிவுகள். வேறுபாடுகளைச் சமன்செய்து ‘சரியான பாடம்’ ஒன்றை அச்சிடும் தொகுப்பாளர், தம்மையறியாமலே இருவருடைய கைவண்ணத்தையும் அழிக்கிறார்.

இது இயலாத வேலை என்று அந்த மண்ணில் இருந்துகொண்டு யாரும் சொல்ல முடியாது. வாவிக்குத் தெற்கே உள்ள காரைதீவில் 1892இல் பிறந்த சுவாமி விபுலாநந்தர், வழக்கொழிந்துபோன யாழ் என்ற கருவியை, சிலப்பதிகார அரங்கேற்றுகாதையின் சில அடிகளையும் அவற்றின் உரைகளையும் கணக்கையும் துணைக்கொண்டு ஆராய்ந்து, 1947இல் ‘யாழ் நூல்’ ஆகத் தந்தார். அந்தக் காதையின் நாயகி மாதவி என்ற ஆடல்பாடற்பெண் என்பதையும் நினைவில் கொள்ளலாம். கருவியே கண்முன் இல்லாத நிலையில் அதன் நரம்புக் கணக்கை மீட்ட ஆய்வு மரபுக்கு, உயிரோடிருக்கும் பெண்களின் நாவில் உள்ள பாட்டைப் பெயரோடு பதிவது அரிய செயலன்று. அவர் பெயரால் கல்லடியில் அமைந்து, கிழக்குப் பல்கலைக்கழகத்தின் அங்கமாக இயங்கும் அழகியற் கற்கைகள் நிறுவகம் போன்ற இடங்கள் இதைத் தொடர்ந்து செய்யத்தக்கவை. செய்ய வேண்டியவை எளியவை: பாடியவரின் பெயர், அவர் விரும்பினால், யாரிடம் பழகினார் என்ற வழிமுறை, ஊரும் குடியும், எந்த நிகழ்வில் பாடப்படுவது, சொல்லோடு மெட்டும் ஒலிப்பதிவாக, வடிவ வேறுபாடுகள் சமன்செய்யப்படாமல். போரும் ஆழிப்பேரலையும் இடப்பெயர்வும் பல முற்றங்களைக் கலைத்துவிட்ட பிறகு, பழகிய வழிமுறையைச் சொல்லக்கூடிய மூத்தோர் ஆண்டுதோறும் குறைந்துவருகிறார்கள் என்பதால் தாமதத்துக்கு இடமில்லை.

ஃபராங்க்கின் வரலாறு நமக்குத் தரும் படிப்பினை இதுதான். அவருடைய சிம்பொனிகள் நூறு ஆண்டுகள் கிடந்து மீண்டதற்குக் காரணம் அவை பெயரெழுதிய தாளில் இருந்ததே. பாடமாக மட்டுமே நினைக்கப்பட்டவரைப் பின்னொரு தலைமுறை வேறு கணக்கில் எழுத முடிந்தது. எழுதுவதற்குச் சான்று எஞ்சியிருந்தது. ஆண்டவன் பிச்சையின் பெயர் பாட்டோடு மீண்டும் ஒட்டியதற்கும் ஒரு கோயிற்கல் துணைநின்றதாகவே சொல்கிறார்கள். மண்டூரிலும் அதைச் சூழ்ந்த படுவான்கரை ஊர்களிலும் பாடப்படும் பெண்பாட்டுக்கு அத்தகைய தாளும் இல்லை, கல்லும் இல்லை. பெயர் இன்று விடப்பட்டால் அதை மீட்கப் பின்னொரு ஆய்வாளரால் முடியாது. ஆகவே இங்கே பதிவு என்பது ஆய்வுக்கு முந்திய ஆயத்தம் மட்டுமன்று, நீதியும் அதுவே. பண்டிதர் கந்தையா தம் காலத்தில் பாட்டைக் காப்பாற்றினார். பாட்டைக் கட்டியவளையும் சேர்த்துக் காப்பாற்றுவது அவருக்குப் பின்வந்தவர்களின் கடமை. அந்தக் கடமை இன்னும் தீரவில்லை.